துப்பாக்கியும் ஒற்றைக் குரலும்

துப்பாக்கிச் சூட்டால் சிதைந்துபோன வாழ்வுகளை, ஒரே நடிகர் மேடையில் தனித்து நின்று நடித்துக் காட்டும் நாடகங்கள் சில அமெரிக்க நாட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் குறித்து இராயபுரத்தில் ஒரு மாலைப்பொழுதில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். துறைமுகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அது அவர்கள் ஊர் நோய், தம்பி. கத்தரிக்காய் வாங்குவதுபோலத் துப்பாக்கி வாங்குகிறார்கள்; பிறகு அழுகிறார்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் குடியிருக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். அன்று அதற்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடுகிற முயற்சியாகும்.

வடசென்னை துப்பாக்கியை அறியாத நிலம் என்று சொல்வதற்கில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் நம் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, உயிர்களும் போயின. அந்தக் கப்பலின் பெயர் மட்டும் தமிழில் ஒரு சொல்லாகத் தங்கிவிட்டது. கெட்டிக்காரத்தனமும் துணிச்சலும் ஒருங்கே உடையவனை இன்றும் 'எம்டன்' என்கிறோம். அன்று மாண்டவர்களின் பெயரை நினைவில் வைத்திருப்பவர் நம்மில் எவரும் இலர். அடித்தவன் பெயர் வழக்காயிற்று. அடிபட்டவன் பெயர் வழக்கொழிந்தது.

மேற்கே சிறிது தொலைவில், பெரம்பூரில், பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது 1920 டிசம்பரில் காவற்படை சுட்டது; இருவர் இறந்தனர். மறு ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் சுட்டது. மேலும் பல உயிர்கள் போயின. திரு.வி.க. முதலியோர் வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றிலே அந்நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் சங்க வரலாறு கூறுவது போராட்டத்தின் கதையை. மாண்டவனின் மனைவி மறுநாட் காலை உலையிலிட அரிசிக்கு என்ன செய்தாள் என்பதை அது கூறாது. அதைக் கூறும் பொறுப்பு கலைக்கு உரியது.

நம் திரைப்படங்கள் அப்பொறுப்பை ஏற்கவில்லை. வடசென்னை என்றவுடன் அவற்றுக்குத் தோன்றுவன அரிவாளும் துப்பாக்கியும் பழிக்குப் பழியுமே. ஒருவன் விழுகிறான், கதை அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. விழுந்தவன் வீட்டில் அன்றிரவு விளக்கேற்றியவர் யார் என்று திரைக்கதை கேட்பதில்லை. ஆனால் இம்மண்ணின் மக்கள் கேட்டிருக்கிறார்கள். இறப்பு நிகழ்ந்த வீட்டின் வாசலில், இரவு முழுவதும், போனவரின் பெயரையும் அவர் பிள்ளைகளின் பெயரையும் கோத்துப் பாடுகிறார்களே, அந்த மரண கானா வேறென்ன? ஒரு பாடகர், ஒரு தாளக் கருவி, ஒரு சாவு. ஓராள் அரங்கின் அடிப்படை முழுவதும் அதில் இருக்கிறது.

நம் முஸ்லிம் தமிழ் மரபிலும் இதற்கு வேர் உண்டு. கிஸ்ஸாவும் படைப்போரும் ஒருவர் ஓத, வீட்டாரும் தெருவாரும் கூடியிருந்து கேட்டவை. சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றொரு பகுதி இருப்பதை வாசகர்கள் அறிவர். வேடனின் வலையில் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்புவதாகக் கூறி விடை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்கிறார்கள். சொன்ன சொல் தவறாது மான் கன்றோடு திரும்பி வருகிறது. அதைக் கண்ட வேடனின் நெஞ்சம் மாறுகிறது. வேட்டையை வேடனின் வீரமாகப் பாடிவிடுவது எளிது. உமறுப்புலவரோ வேட்டைப் பொருளையே பேசவைத்தார். அதற்கு ஒரு துணை உண்டு, ஒரு கன்று உண்டு, அந்தக் கன்றுக்குப் பசி உண்டு என்று உணர்த்தினார்.

இப்படலத்தை ஓதுபவர் மானாக நடிப்பதில்லை; வேடனாகவும் நடிப்பதில்லை. நபிகளாரை நடித்துக் காட்டுவது நம் மரபில் எண்ணவும் தகாதது. அவர் எடுத்துரைக்கிறார். ஒவ்வோர் உயிருக்கும் அருகில் நின்று அதன் வழக்கைச் சொல்கிறார். மானின் வழக்கைச் சொன்ன அதே நா, வேடனின் வழக்கையும் சொல்கிறது. இந்த 'அருகில் நிற்றல்' என்னும் பண்பையே அளவுகோலாகக் கொண்டு, நாம் அறிந்த சில படைப்புகளை நோக்குவோம்.

முதலில் அமெரிக்கா. 2022-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 48 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் துப்பாக்கியால் இறந்தனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். இத்தகைய எண்கள் அறிவுக்கு எட்டும், நெஞ்சுக்கு எட்டுவதில்லை. ஜெசிக்கா டிக்கி என்னும் நாடகாசிரியை 'தி ஆமிஷ் புராஜெக்ட்' என்ற நாடகத்தை எழுதித் தாமே தனித்து நடித்தார். அதன் பின்னணி உண்மை நிகழ்ச்சி. 2006 அக்டோபர் 2-ஆம் நாள், பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் என்னும் சிற்றூரிலே, ஆமிஷ் சமயத்தாரின் சிறிய பள்ளிக்கூடத்துக்குள் பால் வண்டி ஓட்டும் ஒருவன் துப்பாக்கிகளோடு நுழைந்தான். பத்துச் சிறுமியரைச் சுட்டான். ஐந்து சிறுமியர் உயிரிழந்தனர். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான். அன்றே ஆமிஷ் பெரியவர்கள் அவன் மனைவியின் இல்லத்தை நாடிச் சென்று, தாம் மன்னித்துவிட்டதாகக் கூறி ஆறுதல் சொன்னார்கள். அவன் அடக்கத்திலும் கலந்துகொண்டார்கள். உலகமே வியந்த செய்தி அது.

நாடகாசிரியை நிகழ்ச்சியை அப்படியே எடுத்தாளவில்லை. மாந்தர் ஏழுபேரும் கற்பனையே. சிறுமியர், கொலைஞன், அவன் மனைவி, அக்கம்பக்கத்தார் ஆகிய அனைவரையும் ஒரே பெண் நடிக்கிறாள். நாடகம் முழுவதும் அவள் உடுத்தியிருப்பது ஆமிஷ் பெண்களின் உடை. அவ்வுடையிலேயே, அந்த உடலிலேயே, கொலைஞனும் பேசுகிறான். இதைத்தான் இந்நாடகத்தின் தலையாய சிறப்பாக நாம் கருதுகிறோம். தலைப்பாகை மாற்றி, குரலை முரட்டாக்கி, அவனை வேறோர் உயிரினமாகக் காட்டியிருந்தால் நாம் அச்சப்பட்டிருப்போம், அத்துடன் முடிந்திருக்கும். கொல்லப்பட்ட குழந்தையின் உடைக்குள்ளிருந்து கொன்றவன் பேசும்போதோ, இவ்விருவரையும் ஒரே ஊர், ஒரே தெரு வளர்த்தது என்ற உண்மை நம்மை விட்டு நகர மறுக்கிறது.

மன்னிப்பைக் குறித்தும் அந்நாடகம் மலிவாகப் பேசவில்லை. மன்னிப்பைப் பெறுவதும் ஒரு சுமை என்பதைக் கொலைஞனின் மனைவி வாயிலாக உணர்த்துகிறது. கணவனுக்காக அழவும் உரிமையின்றி, அவனை வெறுக்கவும் முடியாமல் நிற்கிற பெண் அவள். துப்பாக்கியின் குண்டு அவளையும்தான் துளைத்தது. அவளுக்கு இரங்கற்கூட்டம் இல்லை. மன்னிக்கும் உரிமை கொலையுண்டவரின் உற்றார்க்கே உரியது என்பது நம் மார்க்கமும் அறிந்த நெறி. அரங்கில் அமர்ந்திருக்கும் நாம் அவர்கள் சார்பில் மன்னித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பிவிட முடியாது.

குறையும் உண்டு. ஆமிஷ் சமயத்தாரின் வாழ்க்கை முறையை நமக்கு விளக்குவதற்கென்றே ஓர் அறிஞரை ஆசிரியை படைத்திருக்கிறார். அவர் பேசத் தொடங்கியதும் மேடை வகுப்பறையாகி விடுகிறது. அறியாத சமூகத்தை அறிமுகப்படுத்தும் எண்ணம் நல்லதே. ஆனால் துயரத்தை விளக்கவுரையோடு பரிமாறினால் அதன் சூடு ஆறிப்போகும்.

மார்ட்டின் சிம்மர்மன் எழுதிய 'ஆன் தி எக்ஸேல்' 2017-இல் நியூயார்க்கில் மேடையேறியது. பள்ளிக்கூடத்துத் துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியின் தனிமொழி அது. அவள் துப்பாக்கியை வெறுக்கப் போகிறாள் என்று எதிர்பார்க்கிறோம். அவளோ அதே வகைத் துப்பாக்கியை வாங்கிச் சுடக் கற்கிறாள். அதன் ஆற்றல் அவளை ஈர்த்துவிடுகிறது. துக்கம் மனிதரைத் தூய்மையாக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சில வேளை துக்கமே கையில் ஆயுதத்தைக் கொடுக்கும் என்று இந்நாடகம் எச்சரிக்கிறது. பழிக்குப் பழி என்னும் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் வடசென்னைக்கு இது வெளிநாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

இந்திய மண்ணுக்கு வருவோம். மணிப்பூரில் இம்பால் அருகே மாலோம் என்னுமிடத்தில் 2000 நவம்பர் 2-ஆம் நாள், பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த பொதுமக்கள் பத்துப்பேர் துணைநிலைப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைக் கண்டு நொந்த இரோம் ஷர்மிளா, ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி உண்ணாநோன்பு தொடங்கினார். மூக்கின் வழியே குழாயால் உணவு செலுத்தப்பட்டு, பதினாறு ஆண்டுகளை நெருங்கும்வரை அந்நோன்பு நீடித்தது. அவ்வாழ்க்கையை மலையாள எழுத்தாளர் சிவிக் சந்திரன் 'மெய்ரா பைபி' என்னும் நாடகமாக எழுதினார். அதன் அடிப்படையில் ஓஜஸ் என்னும் நடிகை 'லே மஷாலேன்' என்ற ஓராள் நாடகத்தை நாட்டின் பல பகுதிகளுக்கும் கொண்டு சென்றார். தீப்பந்தங்களை ஏந்துங்கள் என்பது அத்தலைப்பின் கருத்து.

இங்கு வடிவமும் பொருளும் தாமாகவே பொருந்துகின்றன. தம் ஒற்றை உடலையே களமாக்கிய ஒருத்தியின் கதையைச் சொல்ல ஒற்றை உடலே போதும்; கூட்டம் வேண்டியதில்லை. ஆயினும் இத்தகைய நாடகங்களுக்கு ஓர் இடர் உண்டு. உயிரோடிருக்கும் மனிதரைத் தீப்பந்தமாக்கிவிட்டால், அவர் மனிதராக வாழ விரும்பும் நாளில் நாம் ஏமாற்றமடைகிறோம். 2016 ஆகஸ்ட் 9-ஆம் நாள் ஷர்மிளா நோன்பை முடித்தபோது, அவரைப் போற்றியவர்களில் பலர் முகம் திருப்பிக்கொண்டனர். மறு ஆண்டு நம் தமிழ்நாட்டுக் கொடைக்கானலில் அவர் மணம் செய்துகொண்டார். அவர் தேனைத் தொட்டு நாவில் வைத்து நோன்பை முடித்த அந்தக் காட்சியையும் சேர்த்துச் சொல்லும் நாடகமே அவருக்கு அருகில் நிற்கும் நாடகமாகும். தியாகத்தை மட்டும் சொல்வது அவரிடமிருந்து மேலும் ஒரு பங்கைக் கேட்பதாகவே முடியும்.

இனி நம் மொழிக்கு, நம் மொழி பேசுவோரின் துயரத்துக்கு வருகிறோம். 1989 செப்டம்பர் 21-ஆம் நாள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் உடற்கூற்றியல் தலைவரான டாக்டர் ரஜனி திராணகம, மிதிவண்டியில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 'முறிந்த பனை' என்னும் நூலின் ஆசிரியர்களுள் ஒருவர் அவர். எத்தரப்பின் துப்பாக்கியானாலும் அது செய்த கொடுமையைப் பதிவு செய்தவர். இரு சிறு பெண்மக்களின் தாய். விடுதலைப் புலிகளே இதற்குப் பொறுப்பு என்று அவரைச் சார்ந்தோர் கூறிவந்துள்ளனர். அவர் தங்கை சுமதி, பிற்காலத்தில் துப்பாக்கியின் நிழலில் என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நாடகம் ஒன்றை எழுதினார். 2005-இல் கனடாவில் எடுக்கப்பட்ட 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' என்னும் ஆவணப்படத்தில், ரஜனியின் வேடத்தை ஏற்று நடித்தவர் அவருடைய மகள் ஷாரிக்காவே.

அது ஓராள் நாடகமன்று, திரைப்படம். எனினும் நம் பொருளுக்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. குழந்தைப் பருவத்தில் தாயை இழந்தவள், வளர்ந்து, தாயின் நடையை நடக்கிறாள். கைதேர்ந்த நடிகை ஒருத்தி அவ்வேடத்தைத் திறம்படச் செய்திருக்கலாம். ஆனால் இங்கு நாம் காணும் முகத்தில், இறந்தவரின் சாயலும் இழந்தவரின் சாயலும் ஒன்றாகவே இருக்கின்றன. துப்பாக்கி பறித்தது எது, விட்டுச் சென்றது எது என்று வேறு சான்று தேட வேண்டியதில்லை.

அந்த மகள் அத்துடன் நிற்கவில்லை என்பதே முஸ்லிம் குடும்பங்களாகிய நாம் அறியவேண்டிய செய்தி. 1990 ஆகஸ்ட் 3-ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குண்டு துளைத்த சுவர் அங்கு இன்னும் அப்படியே காக்கப்பட்டு வருகிறது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் துப்பாக்கி முனையில் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்து முகாம்களில் அம்மக்கள் பல்லாண்டுகள் அகதிகளாக வாழ்ந்தனர். மானிடவியல் அறிஞரான ஷாரிக்கா திராணகம புத்தளம் சென்று அவர்களோடு தங்கி, அவர்கள் இழந்த வீடுகளின் கதைகளைக் கேட்டார். 2011-இல் வெளிவந்த அவருடைய 'இன் மை மதர்ஸ் ஹவுஸ்' என்னும் நூலில், தாயை இழந்தவளின் நினைவும் ஊரை இழந்த முஸ்லிம்களின் நினைவும் ஒரே அட்டைக்குள் இடம்பெற்றிருக்கின்றன. தன் துக்கம் பெரிது என்று அமர்ந்துவிடாமல், பிறர் துக்கத்தின் வாசற்படிக்குச் சென்று அமர்ந்தவர் அவர். அவர் செய்தது எழுத்துப் பணி. என்றாலும் ஓராள் நாடகம் செய்யவேண்டிய பணியும் அதுவே.

இப்போது இராயபுரத்துப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் இதில் என்ன இருக்கிறது?

1921-ஐ மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலும் சேரவில்லை. அதனால் எழுந்த பகையில், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறமும் ஆதிதிராவிடர் மறுபுறமுமாக மோதிக்கொண்டனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பிறகு காவற்படையின் குண்டுகள் வந்தன. நம் முன்னோர் அதில் அடிபட்டவர்களும்தான், அடித்தவர்களுள்ளும் இருந்தவர்கள்தான். சமுதாய ஏடுகளில் முதற்செய்தியை எழுதுகிறோம்; இரண்டாவதை எழுதத் தயங்குகிறோம். காத்தான்குடியைச் சொல்லிக் கண்ணீர் விடும் உரிமை நமக்கு உண்டு. புளியந்தோப்பைச் சொல்லித் தலைகுனியும் கடமையும் அதே நமக்கு உண்டு.

பெரம்பூர்த் துப்பாக்கிச் சூட்டை ஓர் இளைஞரோ ஓர் இளம்பெண்ணோ ஓராள் நாடகமாக எழுதுவாராயின், அவருக்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. வீழ்ந்த தொழிலாளியாக மட்டும் நில்லாதீர். அவன் வீட்டில் உலையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தவளாகவும் நில்லும். ஆணைக்குக் கட்டுப்பட்டுச் சுட்டுவிட்டு, இரவில் தன் பிள்ளையைத் தூக்க அஞ்சிய காவலனாகவும் நில்லும். எரிந்த குடிசையின் முன் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த ஆதிதிராவிடத் தாயாகவும், அவளைக் கண்டு முகம் திருப்பிச் சென்ற முஸ்லிம் தொழிலாளியாகவும் நில்லும். நால்வர் நடித்தால் பார்ப்போர் தம் தம் பக்கத்தைத் தேர்ந்துகொள்வர். ஒருவரே நடித்தால் அந்த வசதி கிடைக்காது.

வேறொரு துறைமுக நகரில், தூத்துக்குடியில், 2018 மே 22-ஆம் நாள் ஆலையின் நச்சுக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது. அந்நிகழ்வில் 13 பேர் உயிரிழந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அறிக்கைகள் தேவை, யார் ஆணையிட்டார், எவ்விடத்திலிருந்து சுட்டார் என்பதை அவை நிலைநாட்டும். அந்த வீடுகளில் இன்று சாப்பாட்டுத் தட்டு ஒன்று குறைவாக எடுத்து வைக்கப்படுகிறது என்பதை நிலைநாட்ட வேறொருவர் வேண்டும். ஆலைப் புகையும் கடற்காற்றும் கலந்து சுவாசிக்கும் எண்ணூர் மக்களுக்கு அந்தச் செய்தி அயலூர்ச் செய்தியாக ஒருபோதும் இருக்க முடியாது.

துப்பாக்கிக்குத் தொலைவு வேண்டும். கன்றின் பசியை அறியாத தொலைவில் நின்றால்தான் வேடனின் கை நடுங்காதிருக்கும். தனி ஒருவர் மேடையில் நின்று மானுக்காகவும் வேடனுக்காகவும் பேசும்போது அத்தொலைவு குறைகிறது. துப்பாக்கிகள் அதனால் துருப்பிடித்துவிடும் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் வேடன் ஒருவனின் நெஞ்சம் மாறியதாக நம் புலவர் பாடி வைத்திருக்கிறார். அதை நம் வீட்டுத் திண்ணைகளில் தலைமுறையாக ஓதியும் வந்திருக்கிறோம். அந்தப் பெரியவரை அடுத்தமுறை காணும்போது இதைத்தான் சொல்ல எண்ணியிருக்கிறோம்: அவர்கள் ஊர் நோய்க்கு அவர்கள் மருந்து தேடுகிறார்கள், ஐயா, நம் வீட்டில் ஒரு மருந்து இருந்தது, அதை எங்கே வைத்தோம் என்று தேடவேண்டியவர்கள் நாம்.